வில் நின்ற இடம்

தென்காசி
12 ஜூன் 2025

ஜோதிலட்சுமிக்கு,

நலம் விசாரிக்கும் பத்தியை விட்டுவிடுகிறேன். நீ நலமாக இருப்பதை உன் லாட்ஜில் வந்து தங்கும் கூட்டமே சொல்கிறது. நான் நலமாக இருப்பதில் உனக்கு அக்கறை இல்லை என்பது உன் அண்ணனின் பதினாறாம் நாளன்றே தெரிந்துவிட்டது.

அன்று பந்தியில் உட்கார்ந்திருந்த அத்தனை பேர் காதிலும் விழும்படி நீ சொன்னதை நான் மறக்கவில்லை. “அண்ணன் வயலின் வில்லு எனக்குத்தான் நின்னுது. வீட்டுல வாசிச்சதெல்லாம் கடமைக்கு. மதினி பாடுதது வாய்ப்பாடு ஒப்பிக்குத மாதிரில்லா இருக்கும்.” அன்றைக்கே உன் எண்ணை என் கைபேசியில் தடுத்துவிட்டேன். தடை இன்னும் நீங்கவில்லை, ஆகவே கடிதம். இதில் இன்னொரு வசதி, நான் சொல்லி முடிக்கும்வரை நீ குறுக்கே பேச முடியாது.

விஷயத்துக்கு வருகிறேன். கல்லூரியில் என்னிடம் இயற்பியல் படித்த பர்சானா இப்போது வெளியூர்ப் பல்கலைக்கழகம் ஒன்றில் இசையைக் கணினியால் ஆராய்கிறாள். அவளும் நானும் சேர்ந்து, உன் அண்ணன் பால்வண்ணநாதனைப் போல் வயலின் வாசிக்கும் கணினி நிரல் ஒன்றை எழுதி வருகிறோம். வழி எளிது. பாட்டின் அமைப்பைக் கணினிக்குச் சொல்லித் தருகிறோம்: எங்கே சொல் முடிகிறது, எங்கே வரி முடிகிறது, தாளத்தின் முதல் அடி எங்கே விழுகிறது, பல்லவிக்கு எங்கே திரும்புகிறோம். நன்றாக வாசிப்பவர் எவரும் இந்த இடங்களில் சற்றுத் தாமதிப்பார் அல்லது சற்று அழுத்துவார். எவ்வளவு என்பதில்தான் ஆளுக்கு ஆள் வேறுபாடு. அந்த ‘எவ்வளவை’ ஒலிப்பதிவிலிருந்து அளந்து கற்றுக்கொண்டால், பால்வண்ணநாதன் வாசிக்காத பாட்டையும் பால்வண்ணநாதன் வாசிப்பது போலவே கணினி வாசிக்கும். அமைப்பால் விளக்க முடியாத தாமதம் எங்காவது எஞ்சினால், அதற்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் மிச்சம்.

ஆவணியில் அவருடைய முதல் ஆண்டு நினைவு நாள். ஒரு சிறிய மண்டபம் பேசியிருக்கிறேன். ‘சாரலில் நனைந்தும் தணியாத சண்பகமே’ என்று எங்கள் திருமணத்துக்கு முன்பே அவர் மெட்டமைத்த பாட்டைக் கணினியின் வயலின் வாசிக்க, உடன் ஒருத்தி பாடுவாள். நீயா நானா என்று வாயால் தீர்க்க வேண்டாம். அவர் வில் யாருக்காகத் தாமதித்ததோ அவள் பாடட்டும். நான் தினமும் மாலையில் பாட, அவர் வாசித்த பதிவுகள் என்னிடம் ஏராளம். உன் கச்சேரி ஒலிநாடாக்கள் வேண்டும். சுடலைக்கண்ணுவின் ஆட்டோவில் கொடுத்தனுப்பு.

குழல்வாய்மொழி


குற்றாலம்
16 ஜூன் 2025

அன்புள்ள மதினிக்கு,

‘அன்புள்ள’ என்பது கடிதத்தின் வழக்கம். தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சீசன் நேரம். லாட்ஜில் ஈரத்துண்டு தொங்காத கம்பி இல்லை. பெரிய அருவியில் தண்ணீர் அதிகம் என்று போலீஸ் யாரையும் குளிக்க விடவில்லை. வந்தவர்கள் எல்லாம் என் வரவேற்பறையில் உட்கார்ந்து என்னை ஏசுகிறார்கள், நான்தான் மலைமேல் ஏறிக் குழாயைத் திறந்துவிட்டது போல. இதற்கு நடுவில் உங்கள் கடிதம். சுடலைக்கண்ணு அதை நீட்டிவிட்டுச் சொன்னான்: “ஆச்சி, இந்தா இருக்க தென்காசிக்கும் குத்தாலத்துக்கும் கடுதாசியா? பேசாம ரெண்டு பேரும் என் ஆட்டோவுல ஏறுங்க. போற வழியிலயே ஏசித் தீத்துக்கிடலாம்லா.” “உன் சோலியப் பாருலே” என்று அனுப்பினேன்.

அண்ணன் யாருக்காக நின்றான் என்பதைக் கணக்குப் போட்டுத்தான் அறிய வேண்டுமா மதினி? முன் வரிசையில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தவர்களுக்கே தெரியும். நான் சரணத்தை முடித்துவிட்டுப் பல்லவியைத் தொடாமல் சும்மா இருப்பேன். சபை முழுவதும் எப்போது எடுப்பாள் என்று என் வாயைப் பார்க்கும். அந்த நேரத்தில் அவன் வில் ஒரே சுரத்தில் எனக்காக அப்படியே நிற்கும். நான் கண்ணை மூடியிருப்பேன், ஆனால் அது நிற்பது எனக்குத் தெரியும். அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் நான் கல்யாணத்துக்குப் பிறகும் பாடினேன். வீட்டுக்காரர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டபோதும் பாடினேன்.

நாடாக்களை நேந்திரங்காய் சிப்ஸ் டப்பாவில் போட்டு அனுப்பியிருக்கிறேன். புளியறையில் வாங்கிய நல்ல டப்பா. திரும்பி வர வேண்டும். நீங்கள் அளந்து தோற்றால் சிரிக்க மாட்டேன். மேடை ஏறிய பிறகுதான் சிரிப்பேன்.

ஜோதி


தென்காசி
3 ஜூலை 2025

ஜோதிலட்சுமிக்கு,

முடிவு வந்துவிட்டது. மறைக்கும் பழக்கம் எனக்கு இல்லாததால் உள்ளபடி எழுதுகிறேன்.

என்னுடன் வாசித்த பதிவுகளில் அவருடைய தாமதம் ஒவ்வொன்றையும் பாட்டின் அமைப்பே விளக்கிவிடுகிறது. சொல் முடிந்தால் இவ்வளவு, வரி முடிந்தால் இவ்வளவு, மெட்டு மேலே ஏறுமுன் இவ்வளவு என்று எல்லாம் விதிப்படி. எஞ்சுவது ஒன்றுமில்லை என்றே சொல்லலாம். உன் கச்சேரிகளில் அப்படி இல்லை. பல்லவிக்குத் திரும்பும் இடத்தில், வரி முடிவுக்கு உரிய தாமதத்தைக் கழித்த பிறகும் மலைபோல் எஞ்சுகிறது. ஒரு கச்சேரியில் மட்டும் என்றால் தற்செயல் என்பேன். எல்லாக் கச்சேரியிலும் அதே இடத்தில் இருக்கிறது.

சுருக்கமாகச் சொன்னால், எனக்குக் கிடைத்தது இலக்கணம், உனக்குக் கிடைத்தது மிச்சம். பதினாறாம் நாள் பந்தியில் நீ சொன்னதற்குக் கணினி சாட்சி சொல்கிறது. தினமும் மாலையில், காபி டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு நான் போய் அமர்ந்ததும், அந்த மனிதர் எனக்கு விதிப்படி வாசித்திருக்கிறார். ரயில்வே அட்டவணைகூட அவ்வப்போது பிசகும்.

இதை எழுதும்போது எனக்கு அழுகை வரவில்லை. உன் டப்பாவைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்ற அற்ப எண்ணம்தான் வந்தது. ஆனாலும் அனுப்பிவிட்டேன்.

நீயே பாடு. கணினி வாசித்த வயலினைப் பர்சானா உன் கைபேசிக்கு அனுப்புவாள். கூடவே பாடிப் பழகிக்கொள்.

குழல்வாய்மொழி


குற்றாலம்
8 ஜூலை 2025

மதினிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். முதல் தரம் சந்தோஷத்துக்கு. இரண்டாம் தரமும் சந்தோஷத்துக்கு. அன்றைக்கே தென்காசி வந்து, உங்கள் தெரு வழியாகவே போய், மாம்பழ நிறத்தில் பட்டுச்சேலை எடுத்தேன். மாடியிலிருந்து பார்த்திருப்பீர்கள்.

பிறகு பர்சானா அனுப்பியதைப் போட்டேன். ஐயோ மதினி, அது அண்ணனேதான். அந்த மூக்கடைத்தது போன்ற மத்தியம சுரம்கூட அப்படியே இருக்கிறது. கதவைச் சாத்திவிட்டுக் கூடவே பாடினேன்.

அது எனக்கு நிற்கவில்லை.

சரணத்தை முடித்து வழக்கம்போல் சும்மா இருந்தேன். அது பாட்டுக்குப் பல்லவிக்குள் போய்விட்டது. பஸ்ஸை விட்ட மாதிரி நான் வாயைத் திறந்துகொண்டு நிற்கிறேன். மறுபடி போட்டேன். மறுபடியும் ஓடிவிட்டது. ஆனால் ‘நனைந்தும்’ முடிந்து ‘தணியாத’ என்று மேலே ஏறுமுன், எனக்கு ஒரு வேலையும் இல்லாத இடத்தில், பவ்யமாக நிற்கிறது. யாருக்கு என்று யோசித்தேன். அங்கே தயங்குகிற ஆள் நீங்கள்தான்! மேல் சட்ஜமத்தைத் தொட உங்களுக்குப் பயம். தொண்டையைச் செருமிக்கொண்டு, பல் டாக்டர் நாற்காலியில் ஏறுவது போல ஏறுவீர்கள். அதுவரை அவன் காத்திருப்பான். கோமதியம்மன் கோவில் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு எல்லோரும் கிளம்பின அன்றைக்குக்கூட, சேலை கட்டிக் கிளம்பி நான் வாசலில் நிற்க, உள்ளே அவன் உங்கள் ‘தணியாத’வுக்குக் காத்துக்கொண்டிருந்தான். நானே பார்த்தேன்.

நீங்கள் படித்தவர்கள், நான் கேட்கிறேன். உங்களுக்காக நின்றதை எல்லாம் இலக்கணம் என்று எழுதிக்கொண்டு, எனக்காக நின்றதை மிச்சம் என்று தள்ளியிருக்கிறீர்கள். இந்த மெஷினுக்கு யாருடைய நாடாவைப் போட்டுப் பாடம் சொல்லிக் கொடுத்தீர்கள்?

சேலையைக் கடையில் திருப்பி எடுக்க மாட்டார்களாம்.

ஜோதி


தென்காசி
14 ஜூலை 2025

ஜோதிலட்சுமிக்கு,

நீ கேட்டது நியாயமான கேள்வி. என் மாணவி எவளாவது இப்படிச் செய்திருந்தால் செய்முறைத் தேர்வில் பூஜ்யம் போட்டிருப்பேன். உன் நாடாக்களில் மிருதங்கமும் கைதட்டலும் எவரோ தும்முவதும் கலந்திருந்தன. என் பதிவுகள் சுத்தமாக இருந்தன. ஆகவே கணினிக்கு என் பதிவுகளைக் கொண்டு பாடம் சொல்லிவிட்டு, அதே பதிவுகளில் மிச்சம் இல்லையே என்று வயிறெரிந்தேன். நான் பாடிய விதமே அதற்கு விதியாகிவிட்டது. தன் கேள்வித்தாளுக்குத் தானே விடையெழுதி, எல்லாம் சரியாக இருக்கிறதே என்று வருத்தப்பட்டவள் நானாகத்தான் இருப்பேன்.

நான்கு நாள் செலவிட்டு உன் கச்சேரிகளைச் சுத்தம் செய்து, அவற்றைக் கொண்டு மறுபடி பாடம் சொன்னோம். இப்போது உன் இடம் இலக்கணமாகிவிட்டது. ‘தணியாத’வுக்கு முன்னால் என் பங்கு மலைபோல் எஞ்சி நிற்கிறது. பார்த்ததும் எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. அரைமணி நேரம் கழித்துத்தான் இதற்கு ஒரு பொருளும் இல்லை என்று உறைத்தது. யாரை முதலில் உள்ளே விடுகிறோமோ அவள் விதி, அடுத்து வருபவள் மிச்சம்.

என்னுடன் வாசித்தபோது என் இடத்தில் நின்றார், உன்னுடன் வாசித்தபோது உன் இடத்தில் நின்றார். இதைப் பெருந்தன்மை என்று ஊர் சொல்லும். எனக்கு அப்படிப் படவில்லை. எதிரே ஆள் இருக்கும்போது நிற்பது மரியாதை. எவரும் இல்லாதபோது ஒருவர் எங்கே நிற்கிறார் என்பதை அறிந்தால்தான் இந்த வழக்கு முடியும்.

அவர் தனியாக வாசித்த பதிவு என்னிடம் இல்லை. வீட்டில் அவர் வயலினை எடுத்தால் நான் பாட ஆரம்பித்துவிடுவேன். ஆனால் சீசன் இல்லாத மாதங்களில் உன் லாட்ஜின் மாடி அறையில் மணிக்கணக்கில் தனியாக வாசிப்பார் என்று நீ ஊரெல்லாம் சொல்லியிருக்கிறாய். பதிவு இருந்தால் கொடு.

குழல்வாய்மொழி


குற்றாலம்
21 ஜூலை 2025

மதினிக்கு,

இருக்கிறது. அவன் கடைசியாக வந்த மார்கழியில், மாடி அறைக்கு வெளியே துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது என் கைபேசியில் எடுத்தது. அதே பாட்டைத் திரும்பத் திரும்ப வாசித்தான். நான் வெளியே நிற்பது அவனுக்குத் தெரியாது. அப்போதே பாதியில் அணைத்துவிட்டு இறங்கிவிட வேண்டும் என்றுதான் நினைத்தேன். ஆனால் முழுவதும் எடுத்துவிட்டேன்.

எடுத்தேனே தவிர இதுவரை போட்டுக் கேட்கவில்லை. அன்றைக்குத் துணிக்கு நடுவில் நின்று கவனித்ததில் பாதிதான் மனதில் நிற்கிறது. போட்டுக் கேட்டு, அதில் அவன் ‘தணியாத’வுக்கு முன்னால் நின்றிருந்தால் நான் என்ன செய்வேன்? எனக்கு வீட்டுக்காரரும் போய்விட்டார், தொண்டையும் போய்க்கொண்டிருக்கிறது. அண்ணன் எனக்காக நின்றான் என்பது ஒன்றுதான் கையில் இருக்கிறது. உங்களுக்குப் பென்ஷன் வருகிறது, பட்டம் இருக்கிறது, பர்சானா இருக்கிறாள்.

தெரியாமலே விட்டால் இருவருக்கும் பாதிப் பாதி. தெரிந்துவிட்டால் ஒருத்திக்கு எல்லாம், ஒருத்திக்கு ஒன்றுமில்லை. கொடுக்கக் கூடாது என்று இரண்டு நாள் வைத்திருந்தேன். பிறகு யோசித்தேன், பாதியை வைத்துக்கொண்டு எனக்குப் பழக்கமில்லை. உங்களுக்கும் இல்லை.

இன்று காலையில் பர்சானாவுக்கு அனுப்பிவிட்டேன். முடிவு நீங்களாக இருந்தால் கடிதத்தில் அதை முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள். சுற்றி வளைக்க வேண்டாம்.

ஜோதி


தென்காசி
29 ஜூலை 2025

ஜோதிலட்சுமிக்கு,

நான் இல்லை.

அவசரப்பட்டுச் சேலையைப் பிரிக்காதே, நீயும் இல்லை.

தனியாக வாசிக்கும்போது ‘தணியாத’வுக்கு முன்னால் அவர் இம்மியும் தாமதிக்கவில்லை. நான் ஏறினேனா விழுந்தேனா என்று திரும்பிப் பாராமல் போய்க்கொண்டே இருக்கிறார். உன் இடத்திலும் அப்படித்தான், பல்லவிக்குள் நேராக நுழைந்துவிடுகிறார். நமக்காக நின்றதெல்லாம் நம் முகத்துக்காக நின்றது என்று இப்போது நிரூபணமாகிவிட்டது. அதை நாம் இருவரும் சமமாகப் பங்கிட்டுக்கொள்ளலாம்.

ஆனால் ஓர் இடத்தில் நிற்கிறார். ‘சண்பகமே’ என்ற சொல்லில், ‘சண்ப’ என்று வந்ததும் வில் நின்றுவிடுகிறது. ஒரு மூச்சு நேரம். பிறகுதான் ‘கமே’. அங்கே வரி முடியவில்லை, தாளம் முடியவில்லை, சொல்கூட முடியவில்லை. உலகத்தில் உள்ள எந்த அமைப்பும் நிற்கச் சொல்லாத இடம் அது. கை அசதியாக இருக்கலாம் என்று பர்சானா சொன்னாள். ஒவ்வொரு முறையும் அதே எழுத்திலா கை அசந்துபோகும்? வில்லைத் திருப்புவதற்காக நின்றாரா என்றும் பார்த்தோம். வில் வேறு எங்கோ திரும்புகிறது. இது பிழை இல்லை. எவரோ ஒருவருக்காகக் காத்திருப்பது.

நான் சொல்லை உடைத்துப் பாடுகிறவள் அல்லள். என் சுருதியைப் பற்றி நீ எவ்வளவோ பேசியிருக்கிறாய். உச்சரிப்பைப் பற்றி உன்னால்கூட ஒன்றும் சொல்ல முடிந்ததில்லை. நீயும் அப்படிப் பாடுவதில்லை என்பதை உன் நாடாக்கள் சொல்கின்றன.

நன்றாக நினைவுபடுத்திப் பார். ‘சண்ப’ என்று நிறுத்தி மூச்சு வாங்கியது யார்?

குழல்வாய்மொழி


குற்றாலம்
31 ஜூலை 2025

மதினி,

காளீஸ்வரி!

கீழப்பாவூர்க்காரி. உங்களுக்குத் தெரிந்திருக்காது, நீங்கள் நம் குடும்பத்துக்கு வருவதற்கு முந்தின கதை. அண்ணன் முதன்முதலில் பக்கவாத்தியம் வாசித்ததே அவளுக்குத்தான். நான் பாவாடை சட்டையோடு பின்னால் உட்கார்ந்து தம்பூரா மீட்டுவேன். குரல் என்னமோ தேன்தான், இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அவளுக்கு மூச்சு பத்தாது. ‘சண்ப’ என்று இழுத்துவிட்டு, அங்கேயே நிறுத்தி, வாயால் ஒரு இழுப்பு இழுத்துக்கொண்டு ‘கமே’ என்பாள். முதல் தரம் சபையில் நாலு பேர் சிரித்துவிட்டார்கள். அடுத்த தரம் அண்ணன் தானும் அங்கேயே நின்றான், அதுதான் பாட்டின் அழகு என்பது போல. அதன் பிறகு யாரும் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் எங்கள் அம்மா கேட்டாள்: “ஏலே, அவ மூச்சு வாங்குனா நீ ஏம்ல நிக்கே?” இரண்டு தரம் கேட்ட பிறகு அவன், “கூட வாசிக்கதுன்னா அப்படித்தாம்மா” என்று மட்டும் சொன்னான். நான் அதைப் பக்கவாத்தியத்துக்கு இலக்கணம் என்று இத்தனை காலம் நினைத்துக்கொண்டிருந்தேன்!

அந்தப் பாட்டுக்கு மெட்டுப் போட்டதும் அந்த வருஷம்தான். அடுத்த தை மாதம் அவளை ஒரு மிலிட்டரிக்காரருக்குக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். அவர் பென்ஷன் வாங்கிய பிறகு கீழப்பாவூருக்கே திரும்பி வந்துவிட்டாள்.

வயிற்றெரிச்சலைக் கேளுங்கள். பதினாறாம் நாள் அவள் வந்திருந்தாள். ஊதாச் சேலை, வெள்ளிப் பிரேம் கண்ணாடி. நான் உங்களை மட்டம் தட்டிப் பேசிக்கொண்டிருந்தேனே, அப்போது எனக்கு எதிர் வரிசையில் உட்கார்ந்து தலையைத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். “பாவம், களைச்சுப் போய்ட்டே ஏட்டி” என்று என்னையே தேற்றினாள். நான் என் கையால் காபி கொண்டுபோய்க் கொடுத்தேன் மதினி! சீனி பத்தாது என்று சொல்லி இன்னொரு கரண்டி போடவும் வைத்தாள்.

ஜோதி


தென்காசி
2 ஆகஸ்ட் 2025

ஜோதிக்கு,

ஊதாச் சேலை எனக்கு நினைவிருக்கிறது. என் கையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் விடாமல் நின்றவள் அவள்தான். நாகரிகம் தெரிந்த பெண்மணி என்று அன்று எண்ணினேன்.

ஆனால் நமக்கு இப்போது தெரிந்திருப்பது ஊகம் மட்டுமே. நீ தம்பூரா மீட்டிய வயதில் கேட்டதை வைத்து ஒருத்தியைக் குற்றவாளி ஆக்க முடியாது. ஒரே தவற்றை நான் இருமுறை செய்வதில்லை. அவள் பாட வேண்டும், நாம் கேட்க வேண்டும்.

ஆகவே இப்படிச் செய்கிறோம். நினைவு நாளுக்கு அழைப்பிதழ் அச்சாகி வந்துவிட்டது. யார் பாடுவது என்ற இடத்தைக் காலியாக விடச் சொல்லியிருந்தேன், அது நல்லதாகப் போயிற்று. நாளைக் காலை பத்து மணிக்குச் சுடலைக்கண்ணுவின் ஆட்டோவில் உன் வீட்டு வாசலுக்கு வருகிறேன். இருவருமாகக் கீழப்பாவூர் போய் அவளை முறையாக அழைக்கிறோம். பழம், வெற்றிலை, பாக்கு நான் கொண்டுவருகிறேன். நீ சிப்ஸ் கொண்டு வா, அந்த நல்ல டப்பாவில் வேண்டாம். மாம்பழ நிறப் பட்டைக் கட்டிக்கொள். என்னிடமும் ஒன்று இருக்கிறது, ஊதாவுக்குப் பக்கத்தில் எடுப்பாகவே இருக்கும்.

பேச்சுவாக்கில் அந்தப் பாட்டை ஒரு வரி பாடச் சொல்லிக் கேள். நீ கேட்டால் சந்தேகம் வராது. நான் கைபேசியில் பதிவு செய்துவிடுவேன்.

உன் எண்ணின் தடையை எடுத்துவிட்டேன். ஆனால் இன்றிரவு அழைத்துப் புலம்பாதே. நாளைக்குத் தெளிவான தலை வேண்டும். ‘சண்ப’வுக்குப் பிறகு அவள் மூச்சு வாங்குகிறாளா என்பதை நான் கவனித்துக்கொள்கிறேன். வாங்கினால், அந்த நேரத்தில் அவள் முகம் எப்படி இருக்கிறது என்பதை நீ பார்த்துக்கொள். அதை அளக்கும் கருவி என்னிடம் இல்லை.

மதினி